பழி வால் நட்சத்திரத்துக்கு

இன்று விடியும் முன் எங்கள் திலக் நகர் கட்டட மொட்டைமாடியில் வால் நட்சத்திரத்தைப் படமெடுத்தேன்.

மேகம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாடி விளக்கு வேறு படத்தைக் கெடுத்தது. எந்த சுவிட்ச் என்று தேட நேரமில்லாமல், கீழே ஓடி மெயினையே அணைத்துவிட்டேன்.

படம் அருமையாக வந்தது. ஆனால் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நின்றுபோயிருந்தது. எங்களுக்குத் தண்ணீர் வருவதே அந்த நேரத்தில்தான்.

காலையில் எதிர்வீட்டு பாத்திமா அக்கா காலிக் குடத்தோடு வந்தார்.

"வால் நட்சத்திரம் வந்தா கெடுதல்னு நேத்து சொன்னேன், சிரிச்சியே தம்பி! பாரு, மோட்டார் பந்த் ஆயிட்டு."

நேற்று அவருக்கு அறிவியல் பாடம் எடுத்தவன், இன்று எங்கள் வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் அவர் குடத்தை நிரப்பிக்கொண்டே, "இருக்கும்க்கா" என்றேன்.

அது திரும்பி வந்து மறுக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அதுவரை நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.