பைக்காரம்மா ஏறிய ஏற்றம்

அந்தக் காலத்துத் தபால் ஓட்டக்காரர்கள் கடிதப் பையோடு ஓடிய பாதை அது. மலையும் ஆறுமாக ஆறு நாள் நடை. அவர்கள் பிழைப்புக்காக ஓடினார்கள். இப்போது விடுமுறைக்கு வருகிறவர்கள் ஆசைக்காக நடக்கிறார்கள். நடப்பவர்களின் மூட்டை முடிச்சுகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பவள்தான் பைக்காரம்மா.

காலை எட்டு மணிக்குள் பைகள் விடுதி வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு கைப்பிடியிலும் அறை எண் எழுதிய மஞ்சள் அட்டை தொங்கும். "இந்த ஆளு இஸ்திரிப் பெட்டியையும் சேத்துக் கட்டிட்டாரு போல" என்று கேலி பேசியபடியே தூக்கி வைப்பாள். பாதையைப் பற்றி எது கேட்டாலும் பதில் தயார். மூன்றாம் நாள் ஏற்றமா? "ஒரு மணி நேரந்தான். பேசிக்கிட்டே ஏறிடலாம்."

உண்மை என்னவென்றால், அந்தப் பாதையில் அவள் ஓர் அடிகூட வைத்ததில்லை. வேன் போவது சுற்றுச்சாலையில். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது பத்தொன்பது வருடம் ஓடியது. கால் கடுத்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் நடைதான் மந்தம் என்று வெட்கப்பட்டு, வாயைத் திறக்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று, முழங்காலில் பட்டை போட்ட டீச்சர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்திருந்தார்.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஏற வேணாம், பஸ்ல போயிடலாம்னு இருந்தேன். நீங்க ஒரு மணி நேரம்னதும் தைரியம் வந்துருச்சு."

பைக்காரம்மா அந்த முழங்கால் பட்டையைப் பார்த்தாள். நடுவழியில் முட்டி பிடித்துக்கொண்டால் யார் தூக்குவது? நிஜத்தைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. பை ஏற்ற ஒத்தாசைக்கு வந்திருந்த கணவன் கையில் வேன் சாவியைத் திணித்தாள்.

"இன்னிக்குப் பையெல்லாம் உன் பொறுப்பு. நான் டீச்சரோட நடந்து வர்றேன்."

"நீயா?" என்றவன், அவள் பார்த்த பார்வையில் வேனில் ஏறிக்கொண்டான்.

இரண்டு மணி நேரம் ஏறியும் உச்சி கண்ணில் படவில்லை. டீச்சர் கோலை ஊன்றி நிதானமாக முன்னே போனார். இவளுக்குத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஓட்டக்காரர்கள் பை மாற்றிக்கொண்ட கல் வந்ததும் அதன் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. நான் இதுல நடந்ததே இல்ல. அந்த ஒரு மணி நேரம் நானா அடிச்சு விட்டது."

"தெரியும்மா. நடந்து பழகினவங்க யாராவது ரப்பர் செருப்போட வருவாங்களா?"

சிரித்துக்கொண்டே அவளுடைய தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் டீச்சர். ஊரார் பையெல்லாம் சுமந்தவளுடைய பையை இதுவரை யாரும் தொட்டுத் தூக்கியதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

அப்போது கணவன் போன் செய்தான். கல்லில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். "கல்லுக்குக் கீழதான் ரோடு. வேனோட நிக்கறேன். வந்து ஏறிக்கோ."

"போங்கம்மா, நான் மெதுவா ஏறிடுவேன்" என்றார் டீச்சர். "ஆமா, நிஜமாச் சொல்லுங்க, இன்னும் எவ்வளவு தூரம்?"

"தெரியாது டீச்சர்" என்று எழுந்தாள் பைக்காரம்மா. போனில், "நீ கெளம்பு" என்றாள். "நாங்க ஏறிப் பாத்துட்டுச் சொல்றோம்."