எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்றைக்கு வேகமாகிவிட்டது

ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபி கலந்து குடித்து முடித்தாலும் எங்கள் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. இன்று மத்தியானம் சாப்பிட வந்த என் கொழுந்தன், சாஃப்ட்வேர்காரன், "நான் பார்க்கறேன் அண்ணி" என்று அதன்முன் உட்கார்ந்தான்.

நான் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டான். நிஜமாகவே சட்டென்று வந்தது.

மூன்று வருஷமாக நான் எழுதிய கதைகளைத் திறந்தேன். ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. பக்கம் பக்கமாக ஏதேதோ குறிகள்.

"என்னடா பண்ணின?"

"ஃபாண்ட் நிறைய இருந்தா விண்டோஸ் மெதுவாத்தான் வரும் அண்ணி. பாதிக்கு மேல தமிழ் ஃபாண்ட். வேஸ்ட்டுன்னு தூக்கிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கம்ப்யூட்டர்ல யாரு தமிழ் படிக்கறாங்க? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

ஒவ்வொரு தமிழ் இணையதளத்துக்கும் ஒரு ஃபாண்ட் என்று டயல்-அப்பில் காத்துக் கிடந்து இறக்கியவை அவை. முன்பு அவனே போட்டுக்கொடுத்த மீன்தொட்டி ஸ்கிரீன்சேவரை மட்டும் அவன் தொடவில்லை. மீன்கள் இப்போது நன்றாக நீந்துகின்றன.

இதைப் பெங்களூர் மல்லேஸ்வரத்தில், தமிழ் ஃபாண்ட் இருக்கும் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அடிக்கிறேன்.

அடுத்த ஞாயிறும் சாப்பிட வருகிறானாம். அவன் இலையிலிருந்து வேஸ்ட் என்று எதையெல்லாம் தூக்கலாம், நீங்களே சொல்லுங்கள். அவனைக் கேட்கப்போவதில்லை.