தொழுகை முடிவதற்குள் நடுப்பூ

பஞ்சுப் போர்வை தைக்கும் ரத்தீபாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மஹல்லா என்ற இந்த அரபு நாட்டு ஊரில் எங்கள் சந்துக்குள் நுழைந்தால், எந்தக் கதவடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் கடை. அதன் மேல்மாடியில் நான் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். என் சோற்றிலும் அவ்வப்போது பஞ்சு இருக்கும்.

முதல் மழை விழுந்து குளிர் தொடங்கியதும் சந்து முழுவதும் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் ஓடிவரும். கட்டிதட்டிப் போனவை, எலி கடித்தவை, பிள்ளைகள் மூத்திர வாடை அடிப்பவை. எல்லோருக்கும் அன்றைக்கே வேண்டும்.

"இதை இங்க விட்டுட்டுப் போனா இன்னைக்கு எதைப் போத்திக்கிறது?"

"உன் புருஷனைப் போத்திக்கோ. அந்த உடம்பு ரெண்டு பேருக்குத் தாங்கும்."

வசந்தத்தில் மணற்காற்று வீசும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு உறை மட்டும் தைப்பாள். அந்தக் காற்றில் பஞ்சைப் பிரித்தால் பாதி ஊர் இலவசமாகப் போர்த்திக்கொள்ளும். நோன்புப் பெருநாள் கழிந்து கோடை வந்ததும் கல்யாணக் காலம். இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத அந்த மாதங்களில்தான் ரத்தீபாவின் கடை ஈ ஓட்டும்.

காரணம் இருந்தது. கல்யாணப் போர்வையைக் கடைக்குள் தைப்பதில்லை. மணப்பெண் வீட்டு வாசலில் பலகை மேடை போட்டு, சிவப்பு சாட்டின் போர்வையை விரித்து, தைப்பவர் அதன்மேலேயே ஏறிச் சம்மணமிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு வரவேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும். அது ஆண்களின் இடம். ரத்தீபாவின் கணவர் முர்ஸி அப்படி உட்கார்ந்திருந்தார். அவர் இறந்த பிறகு அவருடைய தம்பி தல்அத் அந்த இடத்தில் ஏறிக்கொண்டார்.

"உம்மு நக்லா, கிழிசல் தைக்கிறது வேற, கல்யாணப் போர்வை வேற. நாலு ஆம்பளைங்க முன்னாடி போர்வை மேல ஏறி உக்காருவியா நீ?" என்று, அவளை மகள் பெயரால் அழைத்துக் கேட்டார்.

கிழிசலை மட்டும் நம்பி ஒரு வருடத்தைத் தள்ள முடியாது. இன்னொரு கோடை இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தக் கோடையில், எங்கள் சந்திலேயே வடை சுட்டு விற்கும் இஹ்ஸானின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா, சாயப்பட்டறை வைத்திருக்கும் ஹாஜி ஃபிக்ரி, தல்அத்தான் தைக்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். இஹ்ஸான் நேராக ரத்தீபாவின் கடைக்கு வந்தாள்.

"பொண்ணு என்னுது, துணி என்னுது. நீ தைக்கிறியா, இல்ல பயமா?"

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஆம்பளைங்க எல்லாம் பள்ளிவாசலுக்குள்ள போனதும் மேடையைப் போடு" என்றாள் ரத்தீபா.

போர்வையின் மையத்தில் வரும் நடுப்பூவைத் தைத்து முடித்ததும் பெண்கள் குலவை இடுவார்கள். குலவை விழுந்த பூவைப் பிரித்தால் கல்யாணமே பிரிந்துபோகும் என்று மஹல்லாவில் பால் குடிக்கும் குழந்தைகூடச் சொல்லும். அதனால் அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு பிரசங்கமும் ஒரு தொழுகையும் முடியும் நேரம் மட்டுமே. வியாழக்கிழமையே பஞ்சை அடித்து, உறையில் நிரப்பி, ஓரங்களை மூட்டி வைத்துவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தியாக்காரி, உனக்கு எப்பவும் பயம்தானே. பயந்தவங்களுக்குத்தான் கண்ணு கூர்மை. மாடியில நின்னு பாரு. பள்ளிவாசல் படியில செருப்பு மாட்ட ஆரம்பிச்சா சொல்லு."

என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. தெருச் சண்டை எதிலும் என் பெயர் வரக்கூடாது என்று இருந்தேன். ஆனாலும் போய் நின்றேன்.

கறுப்பு அங்கிக்கு உள்ளே முர்ஸியின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் மேடை ஏறினாள். கோடு போடச் சாக்குக்கட்டி இல்லை, அளவுகோல் இல்லை. ஊசி போனது, வந்தது. எட்டு இதழ்ப் பூ. ஏழாவது இதழில் முதல் ஆள் படியில் தெரிந்தார்.

"அக்கா, செருப்பு!"

"கத்தாதே, நூல் அறுந்துடும்."

ஹாஜி ஃபிக்ரி தெருமுனை திரும்பவும் குலவை எழும்பவும் சரியாக இருந்தது.

"யாரு அது மேல? இறங்கு!"

"நடுப்பூ முடிஞ்சுது ஹாஜி, வாழ்த்துகள்" என்றாள் ரத்தீபா, தலையைத் தூக்காமல்.

"தல்அத், நீ ஏறு. மீதியை நீ தை."

ஹாஜியோடு வந்திருந்த தல்அத் மறுபக்கம் ஏறினார். ஊசியைப் பிடித்தபடி பூவையும் அதிலிருந்து கிளம்பிய கொடியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோடு எங்க போட்டிருக்கே?"

"தலைக்குள்ள."

"இந்தக் கொடி எந்தப் பக்கம் திரும்புது?"

"உன் அண்ணனும் இப்படித்தான் என்கிட்ட கேப்பாரு. அவரு வீட்டுக்குள்ள கேட்டாரு, நீ தெருவுல கேக்குறே."

பெண்கள் மட்டுமல்ல, இரண்டு மூன்று ஆண்களும் சிரித்துவிட்டார்கள். ஹாஜிக்கு முகம் சிவந்தது. "எல்லாத்தையும் பிரிச்சுப் போடு!" என்றார்.

சிரிப்பு நின்றது. தல்அத்தின் கை பூவின் பக்கம் போகவேயில்லை. இஹ்ஸான் வடைக் கரண்டியோடு முன்னால் வந்தாள்.

"குலவை போட்ட பூ ஹாஜி. நீங்களே உங்க கையால பிரிங்க. நாளைக்கு உங்க மகன் வீட்டுல ஒரு தட்டு உடைஞ்சாலும் ஊரு யாரைச் சொல்லும்னு பாப்போம்."

கத்தரிக்கோல் அவர் காலடியில்தான் கிடந்தது. குனிவார் என்று நினைத்து நான் மாடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு நாற்காலி கேட்டார். அதை மேடைக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"நிழல் விழுது தல்அத், இறங்கித் தள்ளி நில்லு" என்றாள் ரத்தீபா.

பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்குக்கு முன் போர்வை முடிந்தது.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அதே கல்யாணத்துக்கான தலையணைகளை ஹாஜி தல்அத்திடமே கொடுத்தார். அடுத்த மழைக்குச் சில வீடுகள் தங்கள் போர்வையை அவளிடம் கொண்டுவரவில்லை. அந்தக் கோடையில் தல்அத்துக்குப் பத்துக்கு மேல் கல்யாணம். அவளுக்கு நான்கே நான்கு. கடை திறந்திருக்க அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது கல்யாணமும் வெள்ளிக்கிழமைதான். மேடை தயார், துணி விரித்தாயிற்று, பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டது. பெண்கள் அவசரப்படுத்தினார்கள்.

"ஏறு ரத்தீபா, நேரம் போகுது!"

அவள் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அவசரம்? அவங்க எல்லாரும் வரட்டும்."

தொழுகை முடிந்தது. ஆண்கள் கூட்டமாக முனை திரும்பினார்கள். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள், அங்கியைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள், ஏறினாள்.