அவெனீரின் இரும்பு வண்டி

தண்ணீரிலும் தரையிலும் ஓடும் வண்டி ஒன்று கட்டப்போவதாக அவெனீர் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது. வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் ஓடும் பினேகா ஆற்றங்கரையில் அப்படி ஒன்று கட்டாத ஆண்பிள்ளையே கிடையாது. வசந்தத்தில் ஆற்றின் மேல் உறைந்த பனி உடைந்து, பாளம் பாளமாக மிதந்து வரும். அந்த இரண்டு மூன்று வாரம் நடந்தும் போக முடியாது. படகை விட்டால் பாளம் நசுக்கிவிடும். பாளத்தின் மேல் ஏறி மறுபக்கம் தண்ணீரில் இறங்கி மிதக்கிற பெரிய சக்கர வண்டி இருந்தால்தான் அக்கரைக்குப் போகலாம். மற்றவர்கள் ஒரே குளிர்காலத்தில் கட்டி முடித்துவிடுவார்கள். இவன் கட்டியதைவிடப் பேசியதுதான் அதிகம்.

ஊரில் யார் வண்டியைப் பார்த்தாலும் அவனுக்கு உதடு தானாகப் பிதுங்கும். அதிலும் பக்கத்து வீட்டு லுக்யானின் வண்டி என்றால் அவனுக்குத் தீராத கொண்டாட்டம். பாவம் லுக்யான், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஒட்டுப்பலகை, காலி பிளாஸ்டிக் பீப்பாய் என்று கிடைத்ததை வைத்துக் கட்டியிருந்தான். லாரி டயரைக் கட்டிப்போட்டு, கனம் குறைய மேல் ரப்பரை நாள்கணக்கில் கத்தியால் உரித்து எடுத்தான். அவெனீர் வேலிமேல் சாய்ந்துகொண்டு, கோழிக்குத் தோலை உரித்தால் பறக்குமா என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டான்.

அவனுடைய வண்டியோ நாலு மில்லி இரும்புத் தகடு. மூடிப்போன மர ஆலையில் தகடு சும்மா கிடந்தது, சும்மா கிடந்ததால் தடிமனாகவே எடுத்தான். அந்தக் கரையில் இந்தப் புத்தி நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் இவனுக்கு இருந்த அளவு வேறு யாருக்கும் இல்லை. டயரை உரிக்கவில்லை. உள்ளே வெளிநாட்டுக் காரின் சீட்டு, கணப்படுப்பு, சாம்பல் கிண்ணம்கூட வைத்தான். தண்ணீரில் மட்டும் ஒருமுறைகூட இறக்கிப் பார்க்கவில்லை. கணக்குத் தெரியாதவன்தான் சோதித்துப் பார்ப்பானாம்.

மனைவி ஃபைனா முப்பத்தோரு வருஷமாக இதையெல்லாம் கேட்டுக் காது மரத்துப் போனவள். ஆனால் அந்த வசந்தத்தில், பாளங்கள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தபோது, அக்கரையிலிருந்து போன் வந்தது. அக்கா கிளாவ்தியாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, இன்றோ நாளையோ என்று இருக்கிறாள், ஃபைனா பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். ஃபைனா லுக்யான் வீட்டுக்குக் கிளம்பினாள். அவெனீர் வாசலை மறித்தான்.

"அந்த ஒட்டுப்பலகை டப்பாவுல என் பொண்டாட்டி ஏறுறதா? ஊரு காறித் துப்பும். என் வண்டியில நானே கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் காலை ஊரே கரையில் நின்றது. பயணத்துக்கு முன் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த ஒரு நிமிஷம்கூட அவன் வாய் சும்மா இருக்கவில்லை. கியரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். ஃபைனா மீன் பணியாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். வண்டி ஆற்றில் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. கதவிடுக்கில் தண்ணீர் பீய்ச்சி, சீட்டு நனைந்து, ஃபைனாவின் இடுப்பு வரை ஏறியதும் அடித்தரையில் தட்டி நின்றது. கரையிலிருந்து பத்தடிகூடப் போகவில்லை.

ஃபைனா இறங்கி, ஈரப் பாவாடையோடு லுக்யானிடம் நடந்தாள். அவன் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்து, அவள் அப்பா பேரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டான்.

"ஏறுங்க ஃபைனா ப்ரகோப்யெவ்னா. கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

நடு ஆற்றில் ஒரு பாளம் வந்து மோதியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கரையில் பெண்கள் அலறினார்கள். ஃபைனா திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் வாயில் கை வைத்து நின்றார்கள். அவெனீர் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னே வந்திருந்தான். அடுத்தவன் வண்டி படுத்துவிட்டால் அவன் முகத்தில் ஒரு களை வருமே, அது அப்படியே வந்திருந்தது.

லுக்யானின் சக்கரம் மெத்தென்று பாளத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. கிளாவ்தியா தங்கையை அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு நாள் கையைப் பிடித்தபடி கிடந்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

ஒன்பதாம் நாள் சடங்குச் சாப்பாட்டுக்கு, பாளங்கள் ஓடி முடிந்தபின் விட்ட முதல் படகில் அவெனீர் வந்தான். தொப்பியைக் கழற்றினான், தேன்சோறு இரண்டு வாய் சாப்பிட்டான். செத்தவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"லுக்யான் வண்டிக்குள்ள தண்ணி வந்துச்சா? நடுவுல வந்திருக்குமே."

"வரலை."

"சும்மா சொல்றே."

ஃபைனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு உன் மூஞ்சியப் பாத்தேன் அவெனீர். நான் சாகணும்னு நீ நெனைக்கலை, அது தெரியும். அந்த வண்டிக்குள்ள நான் இருக்கேங்கிறதே உனக்கு ஞாபகம் இல்லை."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கதவு ரப்பர்தான் சதி பண்ணிடுச்சு" என்று ஆரம்பித்தான். "அது மட்டும் சரியா இருந்திருந்தா..."

கடைசிப் படகு நாலு மணிக்கு என்றும், அவன் மட்டும் அதில் போகலாம் என்றும் ஃபைனா சொன்னாள். பிறகு அவன் தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.