முன்வண்டியின் மஞ்சள் டேப்

காரை எனக்குக் கொடுத்தவர் என் அப்பா. கல்யாணத்துக்கு முன்பே என் பேரில் மாற்றிவிட்டார். வெள்ளை நிறம். கியர் கம்பி ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே இருக்கும். முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதை ஓட்டுவது என் வீட்டுக்காரர். நான் இடதுபக்கம் உட்கார்ந்து, எங்கள் ஊர்க் கரமனைப் பாலம் வந்தால் மெதுவாகப் போகச் சொல்கிறவள். எனக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக் கல்லூரி நாளிலேயே லைசென்ஸ் வாங்கினேன். இன்றுவரை தவறாமல் புதுப்பித்தும் வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று நினைக்கிற ரகம் நான்.

அதனால் இவர் சேர்ந்திருக்கும் பழைய கார் கிளப்பின் செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்ததுமே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மலையாளிப் பையன், கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை, எங்கள் பெண்ணைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன். மாமி, மாமி என்று வாய் நிறையக் கூப்பிடுவான், கை மட்டும் காரின் பானெட்டைத் தடவிக்கொண்டே இருக்கும். என்றைக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் தன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஒருதரம் சிரித்தான். சிரித்துக்கொண்டு சொன்னால் அது விளையாட்டாகிவிடுமா?

பிறகு இலங்கைப் பயணம் வந்தது. கிளப்காரர்கள் தங்கள் கார்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, கொழும்பில் இறக்கி, மலைநாடெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதாம். என் வீட்டுக்காரர் ஒரு ஓட்டலில் ரவா தோசை சாப்பிடுவதற்கே நாலு தடவை யோசிப்பவர். அவர் சின்னப் பையன் மாதிரிக் குதித்தார். வண்டி என் பேரில் இருப்பதால் கப்பல் காகிதங்களில் நான் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். ஒவ்வொரு வரியையும் படித்தேன், விற்பதாக எங்கும் இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. அப்பாவின் வண்டியை இந்த ரெண்டு பேரும் சேர்ந்து கைமாற்றிவிடுவார்களோ என்கிற பயம் அன்றைக்கே உள்ளே உட்கார்ந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் பழக்கத்துக்காக எல்லாரும் பொன்முடி மலைக்குப் போய்வந்தோம். திரும்பும்போது கல்லாற்றில் வண்டிகளை நிறுத்தினார்கள். நான் கடையில் டீ வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தால், செக்ரட்டரி இவர் தோளில் கைபோட்டு என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தான். இவர் தலையைத் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ரெண்டு பேரும் ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்க்க அந்த ஆற்றில் ஒன்றும் இல்லை, கல்லும் தண்ணீரும்தான். விலை படியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரமே செக்ரட்டரி என்னைத் தனியாகப் பிடித்து, வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டை மாமியும் எடுத்து வைக்க வேண்டும் என்றான். ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் என்பது கிளப்பின் விதியாம். மற்ற மனைவிகளிடம் விசாரித்தேன். அப்படி ஒரு விதியை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்று நிச்சயமாயிற்று. பெர்மிட்டையும் எடுத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

கொழும்பில் வண்டி இறங்கியதிலிருந்து என் கண் அதைவிட்டு அகலவில்லை. கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் சீட்டுக் குலுக்கி, யாருக்குப் பின்னால் யார் என்று முடிவுசெய்வார்கள். எங்கள் சீட்டை மட்டும் குலுக்குவதே இல்லை. எந்த நாளும் செக்ரட்டரியின் வண்டி முதலில், எங்கள் வண்டி அதற்கு அடுத்து. அவன் வண்டியின் பின்புறத்தில் மட்டும் பளபளவென்று மஞ்சள் ரேடியம் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருந்தான். பழைய காரில் ஒரு ஸ்குரூ மாற்றினாலே சண்டைக்கு வருகிற கூட்டம், இந்த அசிங்கத்தைப் பார்த்து ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

வாக்கி டாக்கியில் வேறு ஓயாமல் பேசிக்கொண்டே போவான். வலப்பக்கம் வளைவு சார், முன்னாடி பஸ் வருது சார், இடப்பக்கம் அருவி சார். அருவி என்று அவன் சொன்ன உடனே இவர் என் பக்கம் திரும்பி, என்ன அழகு பார்த்தாயா என்பார். வீட்டில் இத்தனை வருஷமாகப் புதுப்புடவையைக்கூட அழகு என்று சொல்லாத மனிதர். ஐஸ் வைக்கிறார், கடைசியில் விஷயத்தைச் சொல்லப்போகிறார் என்று நான் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நுவரெலியாவுக்குள் நுழையும்போது மூடுபனி. கடைத்தெருவில் ஒரு லாரி குறுக்கே புகுந்து செக்ரட்டரியின் வண்டியை எங்களிடமிருந்து பிரித்துவிட்டது. வாக்கி டாக்கி கொரகொரத்துவிட்டு அடங்கியது. லாரி விலகியதும் இவர் வேகமெடுத்தார், பெரிய ரோட்டை விட்டுச் சட்டென்று ஒரு சந்துக்குள் திருப்பினார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள் வரிசையாக இருக்கிற குறுகலான சந்து. நம் கூட்டத்தில் யாரையுமே காணோம். இங்கேதான் வாங்குகிற ஆள் நிற்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

வண்டி நின்றது. எங்கிருந்தோ பாட்டு கேட்டது.

"ஏன் இங்க நின்னுட்டான் இவன்?" என்றார்.

"எவன்?"

"செக்ரட்டரிதான். பாட்டு வேற போட்டுண்டு நிக்கறான்."

நான் முன்னால் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது ஒரு ஆட்டோ. ரொட்டி விற்கிற ஆட்டோ, பாட்டு வந்தது அதிலிருந்துதான். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதில் பன்னும் ரொட்டியும். அலமாரிக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் ரேடியம் டேப். வீடுகளிலிருந்து பெண்கள் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் எங்கள் பக்கம் வந்து ஜன்னலருகே குனிந்து, "பாண் வேணுமா ஐயா? சூடா இருக்கு" என்றார். ரொட்டியை அங்கே பாண் என்கிறார்கள். இவர் குரல் வந்த திசையில் சிரித்தார். சிரிப்பு அந்த ஆளின் முகத்துக்குப் போகவில்லை, தோளைத் தாண்டி எங்கேயோ போயிற்று.

"ஏன்னா, நமக்கு முன்னாடி நிக்கறது என்னன்னு சொல்லுங்கோ."

அவர் ரெண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி இருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். போன ஓணத்துக்கு முன்பே அவருக்குத் தெரியுமாம். கண்ணுக்குள் அழுத்தம். ஓரப் பார்வை போய்விட்டது, நடுவிலும் ஈரக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரித்தான் தெரிகிறது. பளிச்சென்று இருந்தால் ஒரு நிறம் பிடிபடும், அவ்வளவுதான். இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொன்முடி வளைவில் எதிரே வந்த ஜீப்பை உரசப்போனதை மலை ரோடுதானே என்று நான் விட்டுவிட்டேன், செக்ரட்டரி அதிலேயே கண்டுபிடித்திருக்கிறான். கல்லாற்றில் அவன் கெஞ்சியது என்னிடம் சொல்லச் சொல்லி. கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் மனைவிகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது.

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா சாவியை வாங்கிண்டுடுவே."

"வாங்கத்தான் செய்வேன். கொடுங்கோ இங்கே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பூதம் மாதிரி இந்தக் காரைக் காவல் காத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற மனிதன் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பேசுவதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே என்று என்மேலும் கோபம். அதைவிட, ஊர்பேர் தெரியாத மலையில் எங்கள் ரெண்டு பேர் உயிரையும் ஒரு துண்டு டேப்பை நம்பி ஓட்டினாரே என்று பயம். இறங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். பெஞ்சு சீட்டு என்பதால் அவர் இறங்காமலேயே என் இடத்துக்கு நகர்ந்துகொண்டார். ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ, காகிதத்தில் ரெண்டு பன்னைச் சுற்றி இவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கியர் விழ அடம் பிடித்தது, அப்பா திட்டுவது காதில் கேட்டது. ரிவர்சிலேயே சந்தைவிட்டு வெளியே வந்தேன். பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரியாமல் யாரும் நகரக்கூடாது என்பது கிளப்பின் இன்னொரு வழக்கம். கடைத்தெரு முனையில் எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். செக்ரட்டரி ஓடி வந்தான். டிரைவர் இடத்தில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"கண் தெரியாத மனுஷன் ஓட்டற வண்டியில என்னை மலையேத்தினயே, உன் அம்மாவா இருந்தா செய்வியா?" என்று கேட்டேன்.

"ஞான் சார்கிட்டே எத்தனை தடவை பறஞ்சேன் மாமி. கூட்டிண்டு போகலைன்னா ஒத்தைக்கு ஓட்டிண்டு போவேன்னார் சார். அப்போ பின்னே, முன்னாடி யாராவது வேணுமில்லியா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "மாமியை பெர்மிட் எடுக்கச் சொன்னது அதுக்கு வேண்டியாக்கும்."

அவன் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அப்போது முதலில் அந்த மஞ்சள் டேப்பைப் பிய்த்துப்போடு என்று மட்டும் சொன்னேன். மலை இறங்கும்வரை இருக்கட்டும் மாமி என்றான். கூடாது, இப்போதே என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பிய்க்காமலே போய் வண்டியை எடுத்தான்.

நல்லவேளை. ஊரைத் தாண்டியதும் மூடுபனி இன்னும் இறங்கிவிட்டது. தேயிலைச் சரிவும் தெரியவில்லை, ரோட்டோரமும் தெரியவில்லை. அந்த மஞ்சள் பெருக்கல் குறி ஒன்றுதான் முன்னால் மினுங்கிக்கொண்டு போயிற்று. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன்.

இவர் பன்னை மடியில் வைத்துக்கொண்டு அதன் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "வெளில என்ன தெரியறது?"

பயணம் முழுக்க அவர் என்னிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான். "ஒரே பனி. எனக்கும் ஒண்ணும் தெரியலே. டேப்பைப் பார்த்துண்டுதான் போறேன்" என்றேன்.

அவர் பன்னை முகர்ந்து பார்த்தார்.

"நன்னாப் பாத்துக்கோ. பாண்காரனா இருக்கப்போறான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டு வளைவு தாண்டியபிறகுதான் வந்தது, கூடவே அழுகையும். அவர் பன்னைப் பிட்டு என் வாய்ப்பக்கம் நீட்டினார். கை கன்னத்தில் வந்து இடித்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து என் வாய்க்குக் கொண்டுவந்தேன்.