முதல் கையெழுத்து என்னுடையது

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரை எனக்கு இன்றும் பிடிக்காது. மாரண்டஹள்ளி மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும்போது எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் அப்படித்தான். என்மேல் எனக்கே இருக்கும் கோபம் தனி, அதையும் சொல்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியிருந்தார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து பள்ளியை நடத்தவேண்டும் என்று அரசு வைத்த குழு அது. அங்கே படிக்கும் பிள்ளையின் தாய்தான் தலைவியாக வேண்டும். என் மகள் ஏழாவது படித்தாள். நான் பன்னிரண்டாவது முடித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். தலைமை ஆசிரியர் சால்வை போர்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அதை மறைக்கப் போவதில்லை.

கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடக்கும். தக்காளி பறிப்பை விட்டுவந்த அம்மாக்களுக்கு இருப்பே கொள்ளாது, பெட்டி ஏற்றும் வண்டி வந்துவிடும். அதனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். வந்ததும் தீர்மான நோட்டில் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். மேலே வெறும் கோடுகள்தான் இருக்கும். டீ குடித்துக்கொண்டே நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவோம்.

"நீங்க போங்கம்மா, வேலை கெட்டுப்போவுது. தீர்மானத்த நான் எழுதிக்கறேன்" என்பார் அவர். என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்தோம். தலைவி என்பதால் முதல் கையெழுத்து என்னுடையது.

கோடையில் பள்ளி மோட்டார் புகைந்துபோனது. தண்ணீர் இல்லை என்று பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். மோட்டாரைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டேன். "எழுதி அனுப்பியாச்சுங்க, மேல இருந்து வரணும்" என்றார். நானும் நம்பி, டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பாலக்கோடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளிடம், "ஸ்கூல்ல தண்ணி குடிப்பியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். குடித்தால் போகவேண்டி வரும், போக இடம் இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து வூடு வந்து சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள், மாதக்கணக்கில். நீர்க்கடுப்பு முற்றியிருந்தது.

மறுநாளே கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாக எங்கள் தீர்மானத்தின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். 'குழு நேரில் பார்வையிட்டது. மாணவியர் கழிப்பறை பயன்பாட்டில் உள்ளது. தண்ணீர் வசதி போதுமானது.'

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

என் கையெழுத்துதான். சுழித்துச் சுழித்து, அழகாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார் அந்த மனிதர், அதைப் பரிமாறிய கை என்னுடையது.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். "ஏன் சார் பொய் எழுதுனீங்க?" என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து அசையவில்லை. "ஆய்வுக்கு ஆள் வந்தாங்க. பூட்டியிருக்குன்னு எழுதுனா ஸ்கூல் பேருதான் கெடும். இது நாம எல்லாரும் சேந்து எடுத்த முடிவும்மா. கூட்டுப் பொறுப்பு. என்னை மட்டும் கேட்டா எப்படி?"

கூட்டுப் பொறுப்பாம்! சாவி அவர் மேசையில், பேனா அவர் பையில், பழியில் மட்டும் எங்களுக்குச் சரிபங்கு. கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அறையவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அம்மாக்களிடம் போனேன். "சாரைப் பகைச்சுக்கிட்டா நம்ம புள்ளைங்களுக்குத்தானே கஷ்டம்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "நீ போட்டேன்னுதான் நாங்களும் போட்டோம்" என்று கதவைச் சாத்தினாள். அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல, அவள் சொன்னது உண்மை என்பதால்.

அடுத்த கூட்டத்தில் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். 'பெண்பிள்ளைகள் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. மோட்டார் ஓடவில்லை. முன்பு எழுதியது பொய்' என்று நானே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்று பேர் என் பின்னால் போட்டார்கள். மற்றவர்கள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு ரொம்பத் துணிச்சலுங்க" என்றார் தலைமை ஆசிரியர். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. அந்தப் பக்கத்தின் நகலை நானே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் புது மோட்டார் வந்தது. சனிக்கிழமை பள்ளிக்குப் போய்ப் பக்கத்திலேயே நின்று பூட்டை எடுக்கவைத்தேன். குழாயைத் திருகிப் பார்த்தேன், தண்ணீர் கொட்டியது. ஜெயித்துவிட்ட திமிரோடு வந்தேன்.

திங்கட்கிழமை காலை மகளின் பாட்டிலை நிறைத்து நீட்டினேன். "இனிமே தாராளமாக் குடி. தொறந்துட்டாங்க, என் கண்ணால பாத்துட்டு வந்தேன்."

அவள் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "முன்னயும் பாத்தேன்னு நீதானம்மா கையெழுத்துப் போட்டிருந்த. நான் போய்ப் பாத்துட்டு அப்புறம் குடிக்கறேன்."