மாஸ்டரின் கை நடுக்கம்

அந்தத் தெருவில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. சவரக்கத்தியைக் கையில் எடுத்தால் அவர் வாய் ஓயாது. வாய் எவ்வளவு ஓடினாலும் கத்தி மட்டும் தடம் மாறாது. கன்னம் நிறைய நுரையோடு, சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தவிக்கிறவர்களைப் பார்ப்பதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

இளைப்பு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வெட்டிய முடியும் முகப்பவுடரும் பறக்கிற கடையில் அது எங்கே அடங்கும்? மூச்சுக்குழாயை விரித்துக் கொடுக்கும் மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கூடவே இன்ஹேலரும் எழுதினார். அதை மாஸ்டர் வாங்கவே இல்லை. பழகிவிட்டால் விட முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது போக, வாயில் குழாயை வைத்து உறிஞ்சுகிறவனிடம் யார் வந்து தலையைக் கொடுப்பார்கள் என்ற கூச்சம் வேறு.

குளிர் தொடங்கியதும் இளைப்பு கூடியது. மறுபடி டாக்டரிடம் போகச் சோம்பல்பட்டு, மாத்திரையைத் தாமாகவே கூட்டிக்கொண்டார். மூச்சு சீரானது. ஆனால் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. நெஞ்சு காரணமில்லாமல் படபடத்தது. நரம்புதான் தளர்ந்துவிட்டது, இனி தொழில் அவ்வளவுதான் என்று உள்ளுக்குள் ஒடிந்துபோனார். வெளியே மூச்சு விடவில்லை.

சவரம் என்று வந்தவர்களிடம், "இந்தத் தாடி உங்களுக்கு எடுப்பா இருக்குங்க, வெச்சுக்குங்களேன்" என்று சொல்லி அனுப்பினார். தெருவில் தாடிக்காரர்கள் பெருகினார்கள். இருந்தும் ஒருநாள் முடிவெட்டும்போது ஒருவர் காதோரம் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் மாஸ்டர் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்ற பேச்சு பெரிதாகப் பரவியது.

பேச்சு அவர் மனைவி துணி தேய்க்கும் லாண்டரிக்கும் வந்து சேர்ந்தது. அவர் அதை நம்பவில்லை. ஆனால் அன்று மாலை துவைக்க எடுத்த சட்டைப்பையில் காலி மாத்திரை அட்டைகள் கற்றையாகக் கிடந்தன.

"இவ்வளவையும் நீங்களா போட்டீங்க?"

மாஸ்டர் வலதுகையை நீட்டினார். விரல்கள் தாமாக ஆடின. "என் கை போச்சும்மா," என்றார்.

மனைவி அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். "கை இருக்கு. புத்திதான் கொஞ்சம் வெளிய போயிருக்கு. கிளம்புங்க டாக்டர்கிட்ட."

டாக்டர் அட்டைகளைப் பார்த்தார், நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"நரம்புக்கு ஒண்ணுமில்ல. இந்த மாத்திரை ரத்தத்தில கலந்து உடம்பு பூரா போகும். அளவு கூடினா கை நடுங்கும், நெஞ்சு அடிச்சுக்கும். நல்லவேளை, பெரிசா எதுவும் ஆகல. இனிமே நீங்களா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"அப்ப இளைப்புக்கு?"

"மாத்திரைய நிறுத்திட்டு, நான் அன்னிக்கே எழுதின இன்ஹேலர எடுங்க. மருந்து கொஞ்சமா நேரா மூச்சுக்குழாய்க்கே போகும். பழக்கம் கிழக்கம்னு ஒண்ணும் ஆகாது. பவுடர் பக்கம் மட்டும் போகாதீங்க."

"பவுடர் இல்லாம சலூனா?" என்று இழுத்தார் மாஸ்டர்.

"ஈரத்துணியால துடைச்சு அனுப்புங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க," என்றார் மனைவி.

மாத்திரை நின்றது. கொஞ்ச நாளில் விரல்களும் அடங்கின. முதல் சவரத்துக்கு மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்தார். "மச்சான், எனக்கு ஒரே கழுத்துதான், பார்த்து," என்றார். கீறல் இல்லாமல் எழுந்துபோய்த் தெரு முழுக்கக் கன்னத்தைக் காட்டிவிட்டு வந்தார். தாடிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

இன்ஹேலரை மட்டும் மாஸ்டர் கொஞ்சகாலம் திரைக்குப் பின்னால் போய்த்தான் எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதி முடிவெட்டில் இளைப்பு வந்தது. நாற்காலியில் இருந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், கண்ணாடி முன்னாலேயே நின்று மருந்தை இழுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார், கொஞ்சம் மூச்சுத் தொந்தரவு."

வாத்தியார் மேலே போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். அதில் அதே மாதிரி ஒரு நீல இன்ஹேலர் இருந்தது.

"இழுத்ததும் மூச்சைக் கொஞ்சம் அடக்கி வைங்க மாஸ்டர்," என்றார். "அவசரமில்ல. எனக்குச் சாயங்காலம்தான் வேலை."

மாஸ்டர் மூச்சை அடக்கி, மெல்ல விட்டு, சீப்பை எடுத்துக்கொண்டார்.